முழுச் சம்பளத்தோடு இரண்டு ஆண்டு படிப்பு: மத்திய அரசு ஊழியர்கள் ஸ்டடி லீவ் வாங்குவது எப்படி?

எம்.டெக். வகுப்பு தொடங்கி மூன்றாவது நாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடத்தில் மனமில்லை. ஸ்டடி லீவ் ஆர்டர் இன்னும் வரவில்லை. பத்து நாள் ஈட்டிய விடுப்பு (வேலை பார்த்த காலத்துக்காகக் கணக்கில் சேரும் சம்பள விடுப்பு) எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அது முடிவதற்குள் ஆர்டர் வராவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும், கட்டிய பணமும் போகும். ஒன்பதாம் நாள் மாலை ஆர்டர் வந்தது. அந்த ஒன்பது நாள் பதற்றம் முழுக்க என் அவசரக்குடுக்கைத்தனத்தால் வந்தது. அதை நீங்கள் பட வேண்டியதில்லை.

மத்திய அரசு ஊழியர்களில் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "அதெல்லாம் டாக்டர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும்தான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மத்திய குடிமைப் பணி (விடுப்பு) விதிகள், 1972-இல் விதி 50 முதல் 63 வரை முழுக்க ஸ்டடி லீவ் பற்றியதுதான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் கொடுத்து அரசு உங்களைப் படிக்க அனுப்புகிறது. பெரும்பாலான உதவித்தொகைத் திட்டங்கள் இந்த அளவுக்குத் தராது.

மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகளுக்கும் ரயில்வேக்கும் தனித்தனி விதிகள் உண்டு. நான் எழுதுவது 1972 விதிகளின் கீழ் வருகிறவர்களுக்கு, அதுவும் இந்தியாவுக்குள் படிக்கப் போகிறவர்களுக்கு.

1. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்திருக்க வேண்டும். அதையும் சேர்த்து ஐந்து ஆண்டு தொடர்ச்சியான ஒழுங்குப் பணி வேண்டும். லீவ் முடிந்து திரும்பும் நாளிலிருந்து ஓய்வுபெற மூன்று ஆண்டாவது மிச்சம் இருக்க வேண்டும். 60 வயதில் ஓய்வு என்றால் இரண்டு ஆண்டுப் படிப்பை 55 வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று கணக்கு.

மொத்தப் பணிக்காலத்துக்கும் சேர்த்து 24 மாதம் கிடைக்கும். மத்திய சுகாதாரப் பணி மருத்துவர்களுக்கு மட்டும் 36 மாதம். சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதம்தான் என்று விதி சொல்கிறது. எனக்கும் முதலில் 12 மாதத்துக்கே ஆர்டர் வந்தது. "இரண்டு வருஷப் படிப்புக்கு ஒரு வருஷம்தான் கொடுத்திருக்கிறார்களே" என்று அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நீட்டிப்புக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே படிப்புக் காலம் 24 மாதம் என்று தெளிவாக எழுதி வையுங்கள்.

2. எந்தப் படிப்பு என்பதில்தான் பாதி ஃபைல்கள் விழுகின்றன

உங்கள் வேலையோடு நேரடியான, நெருங்கிய தொடர்புள்ள தொழில்முறை அல்லது தொழில்நுட்பப் பாடத்தில் உயர்படிப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் வாசல். கட்டடப் பொறியாளர் கட்டமைப்புப் பொறியியலில் எம்.டெக். படிக்கப் போனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பொது நிர்வாகத்தின் பின்னணியோடு தொடர்புள்ள படிப்புக்கும் இடம் உண்டு.

மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கிறது. வேலையோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், ஊழியரின் மனத்தை விரிவாக்கி அவரை இன்னும் திறமையான அரசு ஊழியராக்கும் படிப்பு என்றால் கொடுக்கலாம். 1972-இல் இப்படி ஒரு வரியை எழுதியவருக்கு நல்ல மனசு. ஆனால் இந்த வாசல் வழியாகப் போகும் ஃபைல் பணியாளர் துறையின் கருத்தைக் கேட்டு டெல்லிவரை போகும், காலமும் அதற்கேற்றபடி நீளும். முதல் வாசல் திறந்திருக்கும்போது இதைத் தட்டாதீர்கள்.

பொறி எங்கே என்றால், முற்றிலும் கல்வி சார்ந்த அல்லது இலக்கியம் சார்ந்த பாடங்களுக்கு ஸ்டடி லீவ் கிடையாது என்றும் அதே விதியில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் எம்.ஏ. தமிழுக்குக் கேட்டார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. ஒரு ஃபைல் எங்கள் அலுவலகத்தில் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தியாவிலேயே போதுமான வசதி உள்ள பாடத்துக்கு வெளிநாட்டு ஸ்டடி லீவ் இல்லை.

3. தேர்வுக்கு முன்பே அலுவலகத்தில் தொடங்குங்கள்

இதில்தான் நான் சறுக்கினேன். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். ஐ.ஐ.டி. இடங்களுக்கான அழைப்பு மே முதல் ஜூலை வரை சுற்றுச் சுற்றாக வரும். ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் வகுப்பு. இடம் உறுதியான பிறகு விண்ணப்பிக்கலாம் என்று ஜூன் வரை காத்திருந்தேன். ஆறு வாரத்தில் ஸ்டடி லீவ் ஆர்டர் வாங்குவது நடக்கிற காரியமில்லை.

நான் இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன்:

செப்டம்பரில், தேர்வு எழுதப் போவதாக அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, உயர்படிப்புக்கு விண்ணப்பிக்க என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) கேட்பேன். ஜனவரிக்குள் பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்ப்பேன். மார்ச்சில் மதிப்பெண் வந்ததும், எந்த நிறுவனம் என்று முடிவாகாவிட்டாலும், படிப்பின் பெயரையும் உத்தேசத் தேதிகளையும் போட்டு முதல் விண்ணப்பத்தைக் கொடுப்பேன். இடம் கிடைத்த அன்றே சேர்க்கைக் கடிதத்தைக் கூடுதல் ஆவணமாக இணைப்பேன். முதல் விண்ணப்பம் போய்விட்டால் ஃபைல் எண் விழுந்துவிடும். ஃபைல் எண் இருக்கும் காகிதத்தைத்தான் அலுவலகத்தில் தேட முடியும்.

ஒப்புதல் வருவதற்கு முன் படிப்பைத் தொடங்கினால், கட்டணம் கட்டினால், எல்லாம் உங்கள் பொறுப்பு என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் இடத்தைத் தக்கவைக்க ஒரு தொகை கட்டாமல் முடியாது. கட்டுங்கள். அதற்கு முன், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று சேர்க்கை விதிகளில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்

படிவம் 1 எல்லோருக்கும் தெரிந்த விடுப்பு விண்ணப்பம்தான். அதோடு எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்று குறிப்பிட்ட கடிதம், சேர்க்கைக் கடிதம், தொடக்க, முடிவுத் தேதிகள் போட்ட நிறுவனச் சான்று, பாடத்திட்டம், இதற்கு முன் ஸ்டடி லீவ் எடுக்கவில்லை என்ற உறுதிமொழி, நேரடி மேலதிகாரியின் பரிந்துரை. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற விஜிலன்ஸ் கிளியரன்ஸை அலுவலகமே வாங்கும். ஆனால் அது யார் மேசையில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியது நீங்கள்தான்.

இவற்றில் ஃபைலைத் தூக்கி நிறுத்துவது, எந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் அந்தக் கடிதம். இந்தப் படிப்பால் பொதுநலன் நோக்கில் திட்டவட்டமான பயன் உண்டு என்று விடுப்பு வழங்கும் அதிகாரி சான்றளிக்க வேண்டும். அவர் எழுத வேண்டிய வாக்கியத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம்.

என் முதல் கடிதத்தில், "எனது கல்வித் தகுதியை உயர்த்திக்கொள்ள விரும்புவதால்..." என்று எழுதியிருந்தேன். ஃபைல் பார்க்கும் உதவியாளர் ஒரு ஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சார், இதுல உங்களுக்கு என்ன லாபம்னு இருக்கு. ஆபீஸுக்கு என்ன லாபம்னு எங்க இருக்கு?" என்றார். அந்த அம்மாவுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் கடிதத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தேன். இடப்பக்கம் பாடத்தின் பெயர், வலப்பக்கம் அது எங்கள் அலுவலகத்தில் எந்த வேலைக்குப் பயன்படும் என்பது. 'கான்கிரீட் கட்டடங்களின் பழுது மதிப்பீடும் சீரமைப்பும்' என்ற பாடத்துக்கு எதிரே, எங்கள் பொறுப்பில் இருக்கும் பழைய குடியிருப்புகளைச் சோதிக்க இப்போது வெளி ஆலோசகர்களை நாட வேண்டியிருக்கிறது என்று எழுதினேன். இப்படி ஆறு பாடங்கள், ஒரே பக்கம். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

பரிந்துரைக் குறிப்பில் இன்னொன்றும் இருக்கட்டும். நீங்கள் போனால் உங்கள் வேலையை யார் பார்ப்பது? ஆள் பற்றாக்குறை என்று ஒரு வரி எழுதினால் போதும், ஃபைலை நிறுத்திவிடலாம். ஸ்டடி லீவ் உரிமை அல்ல, பணியின் தேவையைப் பார்த்துத்தான் தருவார்கள். உங்கள் இருக்கையின் வேலையைப் பகிர்ந்துகொள்ள இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, மேலதிகாரியிடம் அந்தப் பெயர்களைச் சொல்லிவிடுங்கள்.

பணிப்பதிவேட்டை நேரில் பாருங்கள். என்னுடையதில் தகுதிகாண் பருவம் முடிந்த பதிவே இல்லை. உத்தரவு வந்திருக்கிறது, யாரோ ஒட்ட மறந்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்யப் பதினெட்டு நாள் போயிற்று.

5. பாண்டு: கையெழுத்துக்கு முன் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள்

பாண்டு என்பது அரசுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தப் பத்திரம். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குப் படிவம் 7. நீட்டிப்பு வாங்கும்போது படிவம் 8. திரும்பி வந்து மூன்று ஆண்டு வேலை செய்வேன் என்பதே சாரம்.

மூன்று ஆண்டுக்குள் ராஜினாமா செய்தாலோ ஓய்வு பெற்றாலோ, வாங்கிய விடுப்புச் சம்பளம் முழுவதையும் வட்டியோடு கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் ராஜினாமாவையே ஏற்பார்கள். இது பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்று, படிப்பை முடிக்காவிட்டாலும் இதே கதிதான். இரண்டு பாடத்தில் அரியர் வைத்து, பட்டம் வாங்காமல் திரும்பி வந்து ஒழுங்காக வேலை பார்த்தாலும் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அது மட்டுமல்ல, எடுத்த ஸ்டடி லீவை உங்கள் கணக்கில் இருந்த மற்ற விடுப்பாக மாற்றி, போதாத நாட்களை அசாதாரண விடுப்பாக, அதாவது சம்பளமில்லா விடுப்பாக ஆக்கிவிடுவார்கள். இரண்டு ஆண்டுச் சம்பளம் என்பது சின்னத் தொகை அல்ல. பாண்டில் கையெழுத்துப் போடும் நாளில் உங்கள் துணையும் அதைப் படித்திருப்பது நல்லது.

முத்திரைத்தாள் வேண்டுமா, எத்தனை ரூபாய்த் தாள் என்பதை நிர்வாகப் பிரிவில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நானாக ஒரு தாள் வாங்கி, டைப் அடித்து எடுத்துப் போனேன். அலுவலகத்தின் வாசகம் ஒரு பத்தி வேறுபட்டது. மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

6. பணக் கணக்கு

விடுப்புச் சம்பளம் என்பது லீவில் போகும் முன் கடைசியாக வாங்கிய சம்பளம். அதன் மேல் அகவிலைப்படி உண்டு. வீட்டு வாடகைப்படி முதல் 180 நாளுக்கு, நீங்கள் எந்த ஊரிலிருந்து லீவில் போனீர்களோ அந்த ஊர் விகிதப்படி வரும். அதற்குப் பிறகும் வர வேண்டுமானால், நீங்களோ குடும்பமோ தொடர்ந்து அந்த ஊரிலேயே வசிப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். 180-ஆவது நாளை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். என் குடும்பம் சென்னையிலேயே இருந்தது, நான் வேறு ஊரில் விடுதியில் இருந்தேன். சான்று கொடுக்க மறந்ததால் இரண்டு மாதம் வாடகைப்படி நின்று, பிறகு அரியராக வந்தது.

போக்குவரத்துப்படி கிடையாது. ஊதிய நிலை 7-இல் சென்னையில் இருப்பவருக்கு அது மாதம் 3,600 ரூபாயும் அதன் மேலான அகவிலைப்படியும். இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்குப் படிப்புப்படி என்று தனியாக எதுவும் இல்லை. கல்விக் கட்டணத்தைச் சாதாரணமாக நீங்களேதான் கட்ட வேண்டும்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சம்பளமும் வரும், அதுவும் வரும் என்று நானும் மனக்கோட்டை கட்டினேன். முழுச் சம்பளம் வேண்டுமானால், எந்த உதவித்தொகையும் பகுதிநேர வேலைச் சம்பளமும் வாங்கவில்லை என்று நீங்கள் சான்று கொடுக்க வேண்டும். வாங்கினால் அந்தத் தொகையை விடுப்புச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். அரைச்சம்பள விடுப்பில் வரும் தொகைக்குக் கீழே மட்டும் குறைக்க மாட்டார்கள்.

அடிப்படைச் சம்பளம் 50,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,400 உதவித்தொகை வாங்கினால் இங்கே 12,400 குறையும். அதற்காக வாரம் எட்டு மணி நேரம் ஆய்வகத்திலோ விடைத்தாள் திருத்தியோ உழைக்கவும் வேண்டும். கைக்கு லாபம் பூஜ்யம். சேரும்போதே உதவித்தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு சான்றில் வாங்கவில்லை என்று எழுதுவது பொய்ச் சான்று. அதற்கு வருவது ஒழுங்கு நடவடிக்கை, கழிவோடு நிற்காது.

ஆண்டு ஊதிய உயர்வு போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம். ஸ்டடி லீவ் காலம் ஊதிய உயர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம், பணிமூப்பு எல்லாவற்றுக்கும் கணக்கில் சேரும். லீவில் இருக்கும்போது பழைய சம்பளமே வரும், உயர்வின் பணப்பலன் திரும்பி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கிடைக்கும். ஈட்டிய விடுப்பு மட்டும் இந்தக் காலத்துக்குச் சேராது, அரைச்சம்பள விடுப்பு சேரும்.

வருமான வரிப் பிடித்தம் வழக்கம்போல நடக்கும். உங்கள் சொந்தப் படிப்புக் கட்டணத்தை வரிக்கழிவாகக் காட்ட முடியாது, அந்தச் சலுகை பிள்ளைகளின் கட்டணத்துக்குத்தான். கல்விக் கடன் எடுத்திருந்தால் பழைய வரி முறையில் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு.

அரசுக் குடியிருப்பில் இருப்பவர்கள் லீவ் காலத்தில் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. லீவில் இருக்கும்போது

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் மதிப்பெண் பட்டியலை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், யாரும் கேட்காவிட்டாலும். நீட்டிப்பு விண்ணப்பத்தை முதல் 12 மாதம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் இந்த மதிப்பெண் பட்டியல்கள்தான் உங்களுக்காகப் பேசும். ஃபைல் பார்க்கும் உதவியாளர் மாறியிருப்பார், மேலதிகாரி மாற்றலாகியிருப்பார். ஃபைலில் உள்ள காகிதம் மட்டும் மாறாது.

ஆய்வேடு இழுத்தால் என்ன செய்வது? எம்.டெக். வாய்மொழித் தேர்வு 24 மாதத்துக்குள் முடியாமல் போவது சர்வ சாதாரணம். ஸ்டடி லீவோடு ஈட்டிய விடுப்பு போன்றவற்றைச் சேர்த்து எடுக்கலாம், மொத்தம் 28 மாதத்துக்கு மிகாமல். பிஎச்.டி. என்றால் 36 மாதம். அசாதாரண விடுப்பு இந்த உச்சவரம்புக்குள் வராது. அதனால் போவதற்கு முன்பே ஈட்டிய விடுப்பை எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். ஒரு நூறு நாளாவது கையிருப்பில் இருக்கட்டும். எனக்கு முப்பத்திரண்டு நாள் தேவைப்பட்டது.

மாறாக, படிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டால் உடனே வேலையில் சேர வேண்டும். மிச்ச நாளை வேறு விடுப்பாக எடுக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

8. திரும்பிச் சேரும் நாள்

வேலையில் சேர்ந்ததாகக் கொடுக்கும் அறிக்கையோடு, படிப்பின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நிறுவனத்தின் குறிப்பு ஆகியவற்றோடு கூடிய சான்றும், தேர்ச்சிச் சான்றும் கொடுக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும் என்பதால் தற்காலிகச் சான்றிதழைக் கையோடு வாங்கி வாருங்கள். அங்கே படிக்கிறீர்கள் என்று நிறுவனம் வழக்கமாகத் தரும் போனஃபைட் சான்றில் தேதிகள் இருக்காது. வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கும்.

மூன்று ஆண்டு பாண்டு காலம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பணிப்பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

லீவ் கிடைக்காதவர்களுக்கு

ஃபைல் விழுந்துவிட்டாலோ குடும்பச் சூழ்நிலை ஒத்துவராவிட்டாலோ, வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்திலோ தொலைதூரக் கல்வியிலோ படிக்கலாம். வேலையோடு நேரடித் தொடர்புள்ள தகுதியைப் பணியில் சேர்ந்த பிறகு பெறுபவர்களுக்கு 2019 மார்ச்சில் பணியாளர் துறை நிர்ணயித்த ஒருமுறை ஊக்கத்தொகை இருக்கிறது. மூன்று ஆண்டு வரையிலான பட்டம், டிப்ளமோவுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 15,000. முதுநிலைப் படிப்பு ஓராண்டு வரை என்றால் 20,000, அதற்கு மேல் 25,000. பிஎச்.டி.க்கு 30,000. தகுதி பெற்ற ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். பணிக்காலத்தில் அதிகபட்சம் இரண்டு தடவை, நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி.

ஸ்டடி லீவ் எடுத்தவர்களுக்கு இந்த ஊக்கத்தொகை கிடையாது. நான் அது தெரியாமல் திரும்பி வந்த மாதமே 25,000 கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். அதே அம்மா, அதே ஸ்கேல். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.